கவலைக்கு ஒரு நேரம், தன்னம்பிக்கைக்கு ஓர் ஏணி

கவலை எப்படித் தொடங்குகிறது என்று ஒரு நாள் உன்னிப்பாகக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் 'ஒருவேளை' என்ற சொல்லில் தொடங்கும். ஒருவேளை அந்த மின்னஞ்சலில் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனோ? அதைப் பார்த்து மேலதிகாரி கோபப்பட்டால்? வேலையை விட்டே அனுப்பிவிட்டால்? வீட்டுக் கடனை எப்படிக் கட்டுவது? நாலே கேள்வியில் ஓர் எழுத்துப்பிழை வீட்டையே பறித்துக்கொண்டு போய்விடுகிறது. இவ்வளவுக்கும் வெளியே நடந்தது ஒன்றே ஒன்றுதான்: ஒரு மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது.

ஒரு 'ஒருவேளை' அடுத்த 'ஒருவேளை'யைப் பெற்றுப் போடும் இந்தச் சங்கிலிக்குத்தான் கவலை என்று பெயர். பாய்ந்து வரும் வண்டியைக் கண்டு ஒதுங்குகிறோமே, அது பயம். ஆபத்து கண்ணெதிரே இருக்கிறது, ஒதுங்கியதும் அடங்கிவிடுகிறது. நெஞ்சு படபடப்பது, உள்ளங்கை வியர்ப்பது, வயிற்றைப் பிசைவது எல்லாம் பதற்றம். அது உடம்பில் நடப்பது. யோசனை என்பது சுற்றி வந்தாலும் ஏதாவது ஒரு முடிவில் போய் நிற்கும். கவலை நிற்காது. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு: பத்து நிமிடம் கழித்து, 'இப்போது என் கையில் செய்வதற்கு ஏதாவது கிடைத்திருக்கிறதா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிடைத்திருந்தால் அது யோசனை. கிளம்பிய இடத்திலேயே நின்றுகொண்டு, களைப்பு மட்டும் கூடியிருந்தால் கவலை.

தன்னம்பிக்கைக் குறைவு என்பது தனி நோய் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நடைமுறையில் அதற்கும் கவலைக்கும் வேர் ஒன்றே: தவிர்ப்பது. பயமுறுத்தும் ஒன்றைத் தள்ளிப்போட்டதும் மனம் சட்டென்று லேசாகிறது. அந்த நிம்மதி ஒரு பரிசு மாதிரி. பரிசு கிடைத்த செயலை மூளை மறுபடி செய்யச் சொல்லும். இப்படி ஒவ்வொரு முறை விலகும்போதும் இரண்டு பாடங்கள் மனதில் பதிகின்றன: 'அந்த விஷயம் நிஜமாகவே ஆபத்தானது', 'என்னால் அதைச் சமாளிக்க முடியாது'. முதல் பாடம் கவலையை வளர்க்கிறது, இரண்டாவது தன்னம்பிக்கையைத் தின்கிறது. அதனால்தான் இரண்டையும் சேர்த்தே கையாள வேண்டியிருக்கிறது.

கவலை ஏன் தானாக நிற்பதில்லை?

மூன்று பேர் அதற்குத் தீனி போடுகிறார்கள். மூன்று பேரும் நாமேதான்.

ஒன்று, கவலைக்குக் கிடைக்கும் பொய்யான புகழ். பிள்ளை வீடு திரும்ப நேரமாகிறது, இரண்டு மணி நேரம் கவலைப்படுகிறோம், பிள்ளை பத்திரமாக வந்து சேர்கிறது. 'நல்லவேளை' என்று பெருமூச்சு விடுகிறோம். கவலைப்படாமல் இருந்திருந்தாலும் பிள்ளை அதே நேரத்துக்குத்தான் வந்திருக்கும் என்பதை மனம் கணக்கில் எடுப்பதில்லை. 'கவலைப்பட்டேன், கெட்டது நடக்கவில்லை' என்று இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்கிறது. கவலைப்படுவதே அக்கறைக்கு அடையாளம், படாவிட்டால் பொறுப்பில்லாதவர் என்ற எண்ணமும் பலரிடம் ஊறிப்போயிருக்கிறது. இந்த எண்ணம் இருக்கும்வரை எந்த உத்தியும் வேலை செய்யாது, ஏனென்றால் உள்ளூரக் கவலையை விட்டுவிடவே மனம் பயப்படும்.

இரண்டு, 'நினைக்காதே' என்று அடக்குவது. 1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் குழுவாகச் செய்த ஆய்வு இதற்குப் புகழ்பெற்ற சான்று. வெள்ளைக் கரடியை ஐந்து நிமிடத்துக்கு நினைக்கக் கூடாது, நினைவு வந்தால் மணியை அடிக்க வேண்டும் என்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியம், பிறகு 'இப்போது நினைக்கலாம்' என்று விட்டபோது, முன்பு அடக்கியவர்கள் அடக்காதவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். கவலைப்படும் ஒருவரிடம் 'அதையே நினைச்சுக்கிட்டிருக்காதே' என்று சொல்வது ஏன் ஒருபோதும் பலிப்பதில்லை என்பது இதிலிருந்து புரியும்.

மூன்று, உறுதி தேடி அலைவது. அனுப்பிய செய்தியை நான்கு முறை திறந்து படிப்பது, 'நான் சொன்னது தப்பா இருந்துச்சா?' என்று மூன்று பேரிடம் கேட்பது, லேசான தலைவலிக்கு நள்ளிரவில் இணையத்தில் நோய்களைத் தேடுவது. ஒவ்வொன்றும் சில நிமிட நிம்மதி தரும். பிறகு சந்தேகம் இன்னும் பெரிதாகத் திரும்பி வரும். கனடாவில் கவலை நோயை ஆராய்ந்த மிஷெல் டூகா, நிச்சயமின்மையைத் தாங்க முடியாமையே தீராக் கவலையின் மையம் என்கிறார். அவர் சொல்லும் கோணத்தில் பார்த்தால் சிகிச்சையின் திசையே மாறிவிடுகிறது. நூறு சதவீத உறுதியை எங்கிருந்தாவது கொண்டுவருவது நம் இலக்காக இருக்க முடியாது. உறுதி இல்லாமலேயே அன்றைய நாளை நடத்திச் செல்லப் பழகுவதுதான் இலக்கு.

கவலை நேரம்

அடக்கவும் முடியாது, நாள் முழுக்க ஓடவிடவும் கூடாது என்றால் என்னதான் செய்வது? ஒத்திப்போடுவது. 1983-இல் தாமஸ் பார்க்கவெக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்த முறை இது. தினமும் அரை மணி நேரம், ஒரே இடம், ஒரே நேரம். கவலைகள் எல்லாம் அந்த அரை மணிக்குள். மற்ற நேரத்தில் கவலை வந்தால் அதை அந்த நேரத்துக்குத் தள்ளி வைப்பது. நான்கு வாரம் செய்தவர்களுக்குக் கவலையில் கழியும் நேரம் குறைந்தது.

கேட்க விசித்திரமாக இருக்கும். அதன் சூட்சுமம் இதுதான்: படுக்கை, குளியலறை, பேருந்து, அலுவலக மேசை என்று கவலை எல்லா இடங்களோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்துக்குப் போனாலே அது தானாக எழுகிறது. ஒரே ஒரு நாற்காலியோடு மட்டும் அதைக் கட்டிப்போட்டால், மற்ற இடங்கள் மெல்ல மெல்ல விடுபடுகின்றன.

செய்யும் விதம்: ஒரு சின்ன நோட்டு, ஒரு பேனா, போனில் ஓர் அலாரம். நேரம் மாலையாக இருக்கட்டும், ஆறரை மணி என்று வைத்துக்கொள்வோம், ஆனால் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும். இடம் படுக்கையாகவோ, ஓய்வெடுக்கும் சோஃபாவாகவோ இருக்கக் கூடாது. பகலில் கவலை தலைதூக்கும்போது இரண்டு மூன்று சொல்லில் நோட்டில் குறியுங்கள்: 'மருத்துவப் பரிசோதனை முடிவு', 'வியாழன் மீட்டிங்'. முழு வாக்கியமாக எழுதாதீர்கள். எழுத ஆரம்பித்தால் அங்கேயே கவலைப்பட ஆரம்பித்துவிடுவீர்கள். 'ஆறரைக்குப் பார்க்கிறேன்' என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, கையிலிருந்த வேலையில் கண்ணுக்கோ காதுக்கோ படும் ஏதாவது ஒன்றில் கவனத்தை வையுங்கள். பாத்திரம் கழுவுகிறீர்கள் என்றால் தண்ணீரின் சூடு. நடக்கிறீர்கள் என்றால் கால் தரையில் படும் உணர்வு.

ஆறரை மணிக்கு உட்கார்ந்து பட்டியலை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பாதி விஷயம் உப்புச்சப்பில்லாமல் போயிருக்கும். அவற்றை அடித்துவிடலாம், வலிந்து கவலைப்பட வேண்டாம். மீதியை நன்றாகவே கவலைப்படுங்கள், எழுதிக்கொண்டே. அலாரம் அடித்ததும் எழுந்து, உடம்பை அசைக்கும் வேறொரு வேலைக்குப் போய்விடுங்கள்.

இதில் சறுக்கும் இடங்கள் உண்டு. முதல் வாரத்தில் ஒரே கவலையை இருபது தடவை ஒத்திப்போட வேண்டியிருக்கும். 'எனக்கு இது சரிப்படவில்லை' என்று பலர் கைவிடுவது இங்கேதான். இருபது தடவை ஒத்திப்போட்டீர்கள் என்றால் இருபது முறை பயிற்சி நடந்திருக்கிறது என்று பொருள். இன்னொன்று, பகலில் நன்றாக இருந்தேன் என்று அன்றைய கவலை நேரத்தை ரத்து செய்வது. அப்படிச் செய்தால் அடுத்த நாள் 'ஆறரைக்குப் பார்க்கிறேன்' என்று சொன்னால் மனம் நம்பாது. பட்டியல் காலியாக இருந்தாலும் ஐந்து நிமிடமாவது உட்கார்ந்துவிட்டு எழுங்கள்.

பட்டியலில் இருப்பதை என்ன செய்வது

ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு கேள்வி: இதைப் பற்றி அடுத்த சில நாளில் நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது என்றால் அது கவலை வேடம் போட்ட வேலை. அதை வேலையாக மாற்றுங்கள். பிரச்சினையை ஒரே வாக்கியத்தில், அளவோடு எழுதுங்கள். 'பணம் பற்றி பயமாக இருக்கிறது' என்பதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. 'அடுத்த மாதத் தவணைக்குக் கால்வாசி குறைகிறது' என்பதை வைத்துக்கொண்டு செய்யலாம். தோன்றும் வழிகளையெல்லாம் நல்லது கெட்டது பார்க்காமல் ஐந்தாறு எழுதுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் பதினைந்து நிமிடத்துக்குள் முடியக்கூடிய முதல் அடி எது என்று பாருங்கள். கடைசியாக அதற்கு நேரமும் இடமும் கொடுங்கள்: 'நாளை காலை உணவு முடிந்ததும், மேசையில் உட்கார்ந்து, வங்கிக்குப் போன் செய்வேன்'. எப்போது, எங்கே, எப்படி என்று இவ்வளவு குறிப்பாக வகுத்துக்கொண்டால் காரியம் நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். 'சீக்கிரம் பேசணும்' என்று விட்டுவைத்தால் அது அடுத்த நாள் பட்டியலிலும் வந்து நிற்கும்.

செய்ய ஒன்றுமில்லை என்றால், அது இன்னும் நடக்காத, நடக்குமா என்றும் தெரியாத ஒன்றைப் பற்றிய கவலை. இங்கே தீர்வு தேடுவதுதான் தவறு; தேடத் தேடச் சங்கிலி நீளும். அதற்குப் பதிலாக அதை ஒரு கணிப்பாக எழுதி வைத்து, காலம் வரும்போது சரிபார்க்கலாம். ஒரு பக்கத்தை நான்காக மடியுங்கள். முதல் பத்தியில், என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன் (பின்னால் சரிபார்க்கக்கூடிய வார்த்தைகளில்). இரண்டாவதில், எத்தனை சதவீதம் நம்புகிறேன். மூன்றாவதில், எந்தத் தேதிக்குள் தெரிந்துவிடும். நான்காவது காலியாக இருக்கட்டும். தேதி வந்ததும் நடந்ததை நிரப்புங்கள்.

2020-இல் லாஃபிரேனியேவும் நியூமனும் வெளியிட்ட ஆய்வில், தீராக் கவலை நோய் இருந்த 29 பேர் தங்கள் கவலைகளை இப்படி எழுதி, பின்னால் சரிபார்த்தார்கள். நூற்றுக்கு 91.4 நடக்கவில்லை. சிலருக்கு ஒன்றுகூட நடக்கவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் அவர்களுடைய கணக்கு உங்களுக்குத் தேவையே இல்லை. உங்கள் நோட்டில் உங்கள் கணக்கு ஒரு மாதத்தில் வந்துவிடும். நடந்துவிட்ட சிலவற்றுக்கு எதிரே ஒரு குறிப்புச் சேர்க்க மறக்காதீர்கள்: 'நடந்தபோது நான் என்ன செய்தேன்?' கவலை எப்போதும் நம்மைக் கைகட்டி நிற்பவராகவே வரைந்து காட்டும். நிஜத்தில் நாம் யாருக்காவது போன் செய்திருப்போம், மாற்று வழி பார்த்திருப்போம், இரண்டு நாள் கஷ்டப்பட்டுவிட்டு நகர்ந்திருப்போம். இந்தக் குறிப்புகள் பின்னால் தன்னம்பிக்கைக்கு உதவும்.

உறுதி தேடும் பழக்கத்தைக் குறைக்க, ஆபத்தில்லாத சின்ன விஷயங்களில் தொடங்குங்கள். முக்கியமில்லாத ஒரு மின்னஞ்சலை ஒரே ஒரு முறை படித்துவிட்டு அனுப்புங்கள். எந்தப் படம் பார்ப்பது என்று விமர்சனம் படிக்காமலே முடிவு செய்யுங்கள். குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பதும் நல்லது: 'இது சரியா இருக்கான்னு நான் கேட்டா, பதில் சொல்லாம, நீயே முடிவு பண்ணுன்னு சொல்லுங்க.' அன்பினால் பதில் சொல்லிச் சொல்லியே கவலையை வளர்த்துவிடும் வீடுகள் நிறைய.

உடம்பின் பங்கு

பதற்றம் ஏறும்போது மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஆகிறது. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்று மந்தமாகும்; அதனால் வெளிமூச்சை நீட்டினால் உடம்பு அமைதியடைய உதவும். மூக்கு வழியே நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம் போதும்.

'ஆழமாக மூச்சு விடு' என்ற அறிவுரை பலருக்கு எதிர்விளைவைத் தருகிறது. நெஞ்சு நிறைய வேகவேகமாக இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். 'எனக்கு ஏதோ ஆகிறது' என்று பயம் இன்னும் ஏறும். மெதுவாக விடுவதுதான் முக்கியம், நிறைய இழுப்பது அல்ல. இன்னொரு தவறு, பதற்றம் உச்சத்துக்குப் போன பிறகே இதை நினைத்துப் பார்ப்பது. நிம்மதியாக இருக்கும் வேளையில் தினம் இரண்டு தடவை பழகியிருந்தால்தான் அவசரத்தில் கைகொடுக்கும்.

காஃபியும் டீயும் தரும் படபடப்பைக் கவலையின் படபடப்பு என்று தவறாக எடுத்துக்கொள்பவர்கள் பலர். உடம்பில் சேர்ந்த காஃபீனில் பாதி வெளியேறச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை நான்கு மணிக்குக் குடித்ததில் பாதி இரவு ஒன்பதுக்கும் இருக்கும். இரண்டு வாரம் மதியத்துக்கு மேல் நிறுத்திப் பாருங்கள். நிறையக் குடிப்பவர்கள் ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி வரும், நாளுக்குக் கொஞ்சமாகக் குறையுங்கள். மது அன்றிரவு அமைதி தருவது போலிருந்தாலும் தூக்கத்தைக் கெடுத்து மறுநாள் பதற்றத்தைக் கூட்டும். உடற்பயிற்சிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிட மிதமான உழைப்பு நல்ல அளவுகோல். வேக நடையே போதும்.

படுத்த பிறகு ஓடும் மனதுக்குத் தனி மருந்து உண்டு. 2018-இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழு 57 பேரை வைத்துச் செய்த ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் வரும் நாட்களில் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிட ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். செய்ய வேண்டியவற்றை எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது.

தன்னம்பிக்கை: வரிசை மாறிப்போன கதை

'முதலில் தைரியம் வரட்டும், அப்புறம் செய்கிறேன்.' தன்னம்பிக்கை பற்றி நிலவும் தவறுகளிலேயே நிறையப் பேரின் ஆண்டுகளைத் தின்ற தவறு இது. நீச்சல் தெரிந்த பிறகுதான் தண்ணீரில் இறங்குவேன் என்பது போன்றது. தண்ணீரில் இறங்கி, தத்தளித்து, கரையைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்த பிறகே நீந்த முடியும் என்ற நம்பிக்கை பிறக்கிறது.

1977-இல் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 'இந்தக் காரியத்தை என்னால் செய்ய முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று நான்கு ஊற்றுகளைச் சுட்டினார். தானே செய்து பார்த்து வென்ற அனுபவம். தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது. பிறர் தரும் ஊக்கச் சொல். அந்த நேரத்தில் தன் உடம்பு தரும் அறிகுறிகளை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. இவற்றில் மிகவும் வலுவானது முதலாவதுதான் என்றார். ஊக்க உரை கேட்டு எழும் உற்சாகம் ஏன் இரண்டு நாளில் வடிந்துவிடுகிறது என்பதற்கு இதில் விடை இருக்கிறது. அந்தச் சொல் உங்களை ஒரு காரியத்தில் இறக்கிவிட்டால் பயன். இறக்காவிட்டால் அதோடு போயிற்று.

இன்னொன்றையும் பண்டூராவின் கோணம் தெளிவாக்குகிறது: தன்னம்பிக்கை மொத்தமாக இருப்பதோ இல்லாததோ கிடையாது. சமையலில் கைதேர்ந்தவர் மேடையில் நடுங்கலாம். ஆயிரம் பேர் முன் பேசுபவர் வண்டி ஓட்டப் பயப்படலாம். ஆகவே 'எனக்குத் தன்னம்பிக்கையே இல்லை' என்பதை, 'மீட்டிங்கில் வாய் திறக்க எனக்கு நம்பிக்கை இல்லை' என்று குறுக்குங்கள். குறுக்கியதும் ஏணி போடலாம்.

ஏணி போடுவது இப்படி. அந்த விஷயத்தில் உங்களைத் தயங்க வைப்பவற்றை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பய மதிப்பெண் கொடுங்கள். பிறகு வரிசைப்படுத்துங்கள். மீட்டிங்கில் பேசத் தயங்குபவரின் ஏணி இப்படி இருக்கலாம்:

மீட்டிங் தொடங்கும் முன் பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசுவது: 20
ஒருவர் சொன்னதை 'எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது' என்று வழிமொழிவது: 30
முன்பே எழுதி வைத்த ஒரு கேள்வியைக் கேட்பது: 40
எழுதி வைக்காமல் அப்போது தோன்றியதைக் கேட்பது: 55
மரியாதையோடு மாற்றுக் கருத்துச் சொல்வது: 70
ஐந்து நிமிடம் தானே ஒரு விஷயத்தை விளக்குவது: 85

30 முதல் 40 வரை மதிப்பெண் உள்ள படியில் தொடங்குங்கள். 10-இல் தொடங்கினால் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. 80-இல் தொடங்கினால் முதல் அடியிலேயே திரும்பி ஓடும் அபாயம். ஒரு படியை ஒரு தடவை ஏறிவிட்டு அடுத்ததற்குத் தாவாதீர்கள். வெவ்வேறு நாள், வெவ்வேறு ஆட்கள் முன் நான்கைந்து தடவை செய்யுங்கள். ஒரே ஒரு வெற்றியை மனம் 'அன்னிக்கு ஏதோ அதிர்ஷ்டம்' என்று தள்ளிவிடும். ஐந்து தடவையை அப்படித் தள்ள முடியாது. இடைவெளி அதிகமாகவும் விடாதீர்கள். மாதம் ஒரு முறை ஏறினால் ஒவ்வொரு முறையும் தரையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். வாரத்துக்கு மூன்று தடவை என்பது நல்ல வேகம்.

ஒவ்வொரு படிக்கும் முன் முதலில் சொன்ன அதே நான்கு பத்திப் பக்கத்தைப் பயன்படுத்துங்கள். 'கேள்வி கேட்டால் எல்லாரும் சிரிப்பார்கள், 70 சதவீதம்.' கேட்டு முடித்ததும் எழுதுங்கள்: யாராவது சிரித்தார்களா? எத்தனை பேர்? நெஞ்சு அடித்துக்கொண்டதா இல்லையா என்பது இங்கே தேர்வுத்தாள் இல்லை. குரல் நடுங்கிக்கொண்டே கேட்டு, சிரிப்பு வரவில்லை என்றால் பாடம் முழுமையாகக் கிடைத்துவிட்டது. பயம் தணிந்தால்தான் செய்ததாக அர்த்தம் என்று நினைப்பவர்கள் நல்ல வெற்றிகளையும் தோல்விக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

ஏணி ஏறியும் தன்னம்பிக்கை வளராமல் இருப்பவர்கள் உண்டு. அங்கே பெரும்பாலும் ஒளிந்திருப்பது கைத்தாங்கல் பழக்கங்கள். எழுதி வந்ததைத் தலை நிமிராமல் வாசிப்பது, கண்ணைப் பார்க்காமல் பேசுவது, வேகமாகச் சொல்லி முடிப்பது, நண்பர் கூட இருந்தால் மட்டும் போவது. இவை இருக்கும்போது காரியம் நல்லபடி முடிந்தாலும் புகழ் அந்தக் கைத்தாங்கலுக்குத்தான் போகும்: 'தாளைப் பார்த்துப் படித்ததால் தப்பித்தேன்.' தொடக்கத்தில் ஒன்றிரண்டு வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஒரு படி பழகியதும், அதே படியில் ஒரு கைத்தாங்கலை எடுத்துவிட்டுச் செய்து பாருங்கள். அதுவே அடுத்த படி.

தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சொல் பற்றி ஓர் எச்சரிக்கை. கண்ணாடி முன் நின்று 'நான் வெற்றியாளன்' என்று தினமும் சொல்லச் சொல்வார்கள். கனடாவின் உளவியலாளர் ஜோஆன் வுட் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய வாசகங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது சுயமதிப்புக் குறைந்தவர்களின் மனநிலை மேலும் தாழ்ந்தது. ஏற்கெனவே சுயமதிப்பு உள்ளவர்களுக்குத்தான் சிறிது பயன் கிடைத்தது. நம்ப முடியாத வாசகத்தைச் சொன்னதும் உள்ளே ஒரு குரல் 'பொய்' என்று பதில் சொல்கிறது, அவ்வளவுதான். அதனால் நடந்ததையே சொல்லுங்கள்: 'போன செவ்வாய் ஒரு கேள்வி கேட்டேன். பதில் கிடைத்தது.' உள்குரலால் இதை மறுக்க முடியாது. தவறு நேர்ந்த நாளில், அதே தவறைச் செய்த நெருங்கிய நண்பரிடம் என்ன சொல்வீர்களோ அதைத் தாளில் எழுதி, உங்கள் பெயரைப் போட்டுப் படித்துப் பாருங்கள். தவறும் அதில் இருக்கும், தண்டனை மட்டும் இருக்காது.

பலருக்குக் கூட்டம் முடிந்த பிறகுதான் வதை தொடங்குகிறது. 'ஏன் அப்படிச் சொன்னேன், என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள்' என்று இரவு வரை ஓட்டிப் பார்ப்பது. 2000-இல் தாமஸ் கிலோவிச் குழு வெளியிட்ட ஒரு சோதனையில், கூச்சப்படும்படியான படம் போட்ட சட்டையை அணிவித்து மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். மற்றவர்கள் நம்மைப் பார்ப்பதாக நாம் நினைக்கும் அளவுக்கு அவர்களுக்கு நேரமில்லை. அவர்களும் தங்கள் சட்டையைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள். ஓட்டிப் பார்ப்பது தொடங்கினால் நடந்ததை மட்டும் மூன்று வரியில் எழுதி மூடுங்கள். மீதி, நாளைய ஆறரை மணிக்கு.

எப்போது உதவி தேட வேண்டும்

மேலே சொன்னவை அன்றாடக் கவலைக்கானவை. ஆறு மாதத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், பல விஷயங்களைப் பற்றியும் கட்டுக்கடங்காத கவலை இருந்து, அதோடு தூக்கமின்மை, எரிச்சல், தசை இறுக்கம், களைப்பு, கவனச் சிதறல் சேர்ந்து வேலையையோ குடும்பத்தையோ பாதித்தால், அது சிகிச்சை உள்ள ஒரு நோயாக இருக்கலாம். மருத்துவர்கள் பயன்படுத்தும் ஏழு கேள்விப் படிவம் ஒன்று 2006-இல் வெளியானது, ஜிஏடி-7 என்பார்கள். கடந்த இரண்டு வாரத்தை வைத்து ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 21. ஐந்திலிருந்து லேசானது, பத்திலிருந்து மிதமானது, பதினைந்திலிருந்து கடுமையானது. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். படிவம் நோயை முடிவு செய்யாது, பார்க்க வேண்டும் என்று மட்டுமே சொல்லும். தைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்தாலும் இதே படபடப்பும் நடுக்கமும் வரும் என்பதால், உடல் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்.

அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுச் சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்தும் இதற்கு நன்றாகப் பலன் தருகின்றன. அந்தச் சிகிச்சையில் செய்வதும் ஏறக்குறைய இங்கே படித்ததுதான். ஏணியின் படிகளை உங்களுக்கு ஏற்றபடி பிரித்துக் கொடுக்கவும், கைத்தாங்கல்களைக் கண்டுபிடித்துச் சொல்லவும் பயிற்சி பெற்ற ஒருவர் கூட இருப்பார். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் நோட்டு, ஏணி, கவலை நேரம் எதற்கும் காத்திருக்காதீர்கள். அன்றே, அந்த மணி நேரமே, நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவரோடு அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.